ரேட் எழுதும்போது எழுந்து போகிறவள்

அருள்,

உன் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. எப்போதும் போனில் பேசுகிறவன் கடிதம் எழுதியிருக்கிறாய் என்றால் அது பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கேட் அருகில் நின்றபடியே பிரித்தேன். கடலூர் ஆபீசில் உனக்கென்று ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இனி உன் பொறுப்பிலேயே ஆட்களைப் பார்க்கலாம் என்று பெரிய ஆடிட்டர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அதுவரை சந்தோஷமாகத்தான் படித்தேன். அடுத்த வரியில், "முதல் ஆள் யார் தெரியுமாம்மா? வடக்குத்து ஏழுமலை மாமா பொண்ணு கலைச்செல்வி. பொம்பளைங்கள வச்சு காண்ட்ராக்ட் எடுக்கப் போறா. நம்ம வீட்டு மேல இருக்கிற நம்பிக்கையில எங்கிட்ட வர்றா" என்று இருந்தது. மீதியை உள்ளே வந்து உட்கார்ந்துதான் படித்தேன்.

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவிலேயே "பரவாயில்லம்மா, விடு" என்று சொல்லிவிடுவாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. இது நீ நடுவில் பேசக் கூடாத விஷயம். அதோடு, உன்னிடம் சொல்வதற்கு முன் இதை இன்னொருவரிடம் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. புதன்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது.

நான் செய்த வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "அம்மா டெண்டர் ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பாங்க" என்று நீ சொல்வாய். சின்ன வயதில் நீ பார்த்தது அவ்வளவுதான். டவுன்ஷிப்பில் புல் வெட்ட, சாக்கடை தூர் எடுக்க, குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க, எல்லாவற்றுக்கும் டெண்டர்தான். அந்த வேலைகளை எடுத்தவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்து ஆட்கள். ஃபார்மோ ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக நிபந்தனைகளோடு வரும். எந்த நிபந்தனையில் மாட்டிக்கொள்வார்கள், எந்தச் சான்றிதழ் இல்லையென்றால் கவரை ஒதுக்கிவிடுவார்கள், இருக்கிற ஆட்களை வைத்து எந்த வேலையை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்றெல்லாம் படித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. எனக்கு உன் அளவுக்குப் படிப்பு கிடையாது. பத்தொன்பது வயதில் கல்யாணம், அதற்குப் பிறகு தபால் வழியில் பி.காம். லைப்ரரியில் கையில் கிடைத்ததையெல்லாம் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பழக்கம் இருந்தது. டெண்டர் நிபந்தனைகளையும் அப்படியே படித்தேன். என் தகுதி என்று சொல்ல அது ஒன்றுதான். "இது வேணாங்க, இந்த வேலைய எடுத்தா ஆறு மாசத்துல கை விட்டுட்டு ஓடுவீங்க" என்று நான் சொல்லி, கோபித்துக்கொண்டு போய், பிறகு திரும்பி வந்தவர்கள் உண்டு.

ஆரம்பத்தில் ஒரே டெண்டருக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் நான்தான் நிரப்பினேன். இரண்டாமவருக்கு ரேட் எழுதப் போகும்போதுதான் முதலாமவர் எழுதச் சொன்ன ரேட் என் தலைக்குள் இருக்கிறது என்பது உறைத்தது. பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன். முதல் ஆளின் ஃபார்மையும் மறுநாள் திருப்பி வாங்கி, புது ஃபார்மில் அவர் கையாலேயே வேறு ரேட் எழுத வைத்தேன். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. எல்லாப் பக்கத்தையும் நான் நிரப்புவேன், ரேட் எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அவர்கள் எழுதி, மடித்து, கவரில் போட்டு, அரக்கு வைத்த பிறகு குரல் கொடுத்தால் வெளியே வருவேன். அதை வைத்துக் கேலியும் பேசுவார்கள். "மேடம் உள்ள போயிட்டாங்க, எழுதுய்யா சீக்கிரம்." "இந்த வூட்டுல எப்பப் பாத்தாலும் குக்கர் வச்சிருக்காங்க, ஒரு வாய் சோறு மட்டும் வெளிய வர மாட்டேங்குது." உள்ளே நின்று நானும் சிரித்துக்கொள்வேன். அந்த நாட்களில் எனக்கு என் மேல் ஒரு மரியாதை இருந்தது. நம் முன்னறைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்ததற்கு என் ஆங்கிலம் பாதிக் காரணம் என்றால், நான் எழுந்து போனது மீதிப் பாதி.

ஏழுமலை அப்படி வந்தவர்களில் ஒருவர். அவருடைய நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. பர்மனென்ட் வேலை வருமென்று காத்திருந்து, வராமல் போய், கடைசியில் அவரே ஆள் சேர்த்து டவுன்ஷிப் துப்புரவு காண்ட்ராக்ட் எடுத்தார். ஆட்கள் எல்லோரும் அவர் தெருப் பெண்கள். நம் பிளாக்கில் காலையில் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். நீ ஸ்கூலுக்குப் போகும்போது, "தம்பி, அந்தப் பக்கமா போங்க, ஈரமா இருக்கு" என்பார்களே, அவர்கள்.

ரேட்டை எண்ணாலும் எழுத வேண்டும், ஆங்கில எழுத்தாலும் எழுத வேண்டும். எழுத்தில் எழுத ஏழுமலைக்கு வராது. ஒவ்வொரு வருஷமும் அவருடைய அக்கா மகன் கூட வந்து எழுதுவான். அந்த வருஷம் அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஏழுமலை தனியாக வந்து உட்கார்ந்தார். நான் எழுந்தபோது, "மேடம், இந்த வாட்டி நீங்களே எழுதிடுங்க" என்றார்.

"அது வழக்கம் இல்லைங்களே. வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"வேற யாருக்கிட்ட போயி ரேட்டக் காட்டறது? உங்களுக்குத் தெரிஞ்சா அது எனக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரிதான்."

எழுதினேன். எண்ணாலும் எழுத்தாலும். அந்த ரேட்டுக்குள் என்னென்ன சேர்த்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "இது எங்கிட்டயே இருக்கும், கவலைப்படாதீங்க" என்றேன். அரக்கை அவரே உருக்கி வைத்துக்கொண்டு போனார். இதுவரை தவறில்லை, அருள். ஒருவருடைய ரகசியம் நம்மிடம் வந்து சேர்வது நம் தொழிலில் தவிர்க்க முடியாதது. அது வந்த பிறகு நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

மறுநாள் மதியம் தாமஸ் அண்ணன் வந்தார். அவரும் காண்ட்ராக்ட் எடுக்கிறவர்தான், உனக்கு அவரை நன்றாகத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் நான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உனக்கு வயிற்று வலி என்றுதான் சொன்னோம். ஐந்தாம் மாதத்தில் ஒரு குழந்தை நிற்காமல் போனது. பெண் குழந்தை. ரத்தம் நிற்கவில்லை. அப்பா சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட். என் ரத்த வகை சுலபத்தில் கிடைக்காது. தாமஸ் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா வந்து, கையை நீட்டிப் படுத்து, எனக்கு ரத்தம் கொடுத்தாள். அடுத்த கட்டிலில் அவள் முகத்தைப் பார்த்தபடிதான் நான் கண்ணை மூடினேன். அதன் பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிற தவிப்பு எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. கேட்காமலே இருந்தார்கள் என்பதால் அது இன்னும் கூடியது.

தாமஸ் அண்ணன் கொண்டுவந்ததும் அதே துப்புரவு டெண்டர். அந்தக் கணமே நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. "அண்ணா, இந்த டெண்டருக்கு இன்னொருத்தரோட ரேட் எனக்குத் தெரியும். இத மட்டும் வேற எடத்துல கொடுத்து நிரப்பிக்கங்க." சொல்லவில்லை. இன்னொருவர் வந்தார் என்று சொல்வதே காட்டிக்கொடுப்பது ஆகாதா என்று எனக்கு நானே ஒரு வாதம் செய்துகொண்டேன். நன்றாகத்தான் இருந்தது வாதம். உண்மையில், ஸ்டெல்லாவின் கணவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. நிறையப் படிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. வேண்டிய நேரத்தில் வேண்டிய வாதம் கிடைத்துவிடும்.

பக்கங்களை நிரப்பினேன். வழக்கம்போல் எழுந்தேன். அவர் அன்று மிகவும் களைத்திருந்தார். "உக்காரு தங்கச்சி. உங்கிட்ட என்ன மறைக்கிறது" என்று சொல்லி, ரேட்டை வாய்விட்டே சொன்னார். "சரியா இருக்குமா?"

ஏழுமலையின் ரேட்டை விட அது சற்றே கூடுதல். குறைந்த ரேட் போட்டவருக்குத்தான் வேலை போகும். இரண்டையும் அறிந்த ஆள் இந்த உலகத்தில் அப்போது நான் ஒருத்திதான். யாராவது அப்படிக் கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன், பத்து தடவைக்கு மேல் சொல்லியும் இருக்கிறேன்: "அது உங்க கணக்குங்க, எனக்குத் தெரியாது." அன்று அது வரவில்லை. "இன்னொரு தடவை பாத்துக்குங்கண்ணா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு எண்ணையும் சொல்லவில்லை, ஒரு பெயரையும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடி, ஃபார்மை மடித்து எடுத்துக்கொண்டு, "வீட்ல வச்சு எழுதிக்கிறேன்" என்று போய்விட்டார். டெண்டர் அவருக்குக் கிடைத்தது. வித்தியாசம் மிகக் கொஞ்சம் என்று பேசிக்கொண்டார்கள்.

தாமஸ் அண்ணன் அந்த வேலைக்குத் தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஆட்களைக் கொண்டுவந்தார். அதில் தப்பே கிடையாது. ஏழுமலையின் பெண்கள் வருவது நின்றது. விடியற்காலையில் துடைப்பத்தின் சத்தம் கேட்டு விழித்துக்கொள்வேன். கை மாறியிருக்கிறது என்பது படுக்கையிலிருந்தே தெரியும். பழைய ஆட்கள் நம் கேட் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். புதிய சத்தம் நிற்காமல் கடந்து போய்விடும். அது கடந்து போகும் வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். பிறகுதான் எழுந்து பால் வாங்கப் போவேன்.

நீ யோசிக்க வேண்டிய இன்னொன்று அதன் பிறகு நடந்தது. தாமஸ் அண்ணன் அடுத்த டெண்டருக்கு என்னிடம் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மந்தாரக்குப்பத்தில் யாரிடமோ கொடுத்து நிரப்புகிறார் என்று தெரிந்தது. கோயிலில் பார்த்தால் சிரிப்பார், உன் படிப்பை விசாரிப்பார், டெண்டர் பேச்சு மட்டும் இருக்காது. நன்றி கெட்டவர் என்று முதலில் கோபப்பட்டேன். அவர் செய்தது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அன்று என் முகத்தைப் பார்த்தபோது, நான் அவருக்காக உடைந்தேன் என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. உடையக்கூடியவள் என்பதையும் பார்த்துவிட்டார். யாருக்கு நான் உதவினேனோ அவர் என்னை நம்புவதை விட்டார். யாருடைய பிழைப்பைக் கெடுத்தேனோ அவர் மட்டும் கடைசிவரை நம்பினார்.

ஏழுமலை வந்துகொண்டேதான் இருந்தார். டெண்டருக்கு இல்லை. அதற்குப் பிறகு அவர் டெண்டரே போடவில்லை. ஜாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கலைச்செல்வியின் ஸ்காலர்ஷிப் என்று ஏதாவது ஒரு ஃபார்மோடு வருவார். வரும்போது சுரைக்காயோ முருங்கைக்காயோ ஒரு பையில் இருக்கும். வேண்டாம் என்றால் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். உனக்குப் பிடிக்கும் என்று அதைச் சமைத்துப் போட்டிருக்கிறேன். நான் சாப்பிட்டதில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். பிறகு அவர் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து கேட்டில் வாட்ச்மேன் ஆனார். அந்த வழியாக நான் போகும்போதெல்லாம் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று வணக்கம் வைப்பார். வெயிலில், மழையில், குடையைக் கை மாற்றிக்கொண்டு. மார்க்கெட்டுக்கு நான் சுற்று வழியாகப் போக ஆரம்பித்தேன். ஏன் இவ்வளவு சுற்று என்று நீ கேட்டபோது நிழல் இருக்கிறது என்றேன். அந்தச் சாலையில் நிழலே கிடையாது. சுற்று வழியில் போனாலும், குறிப்பிட்ட ஒரு இடத்தைத் தாண்டும்போது, இந்நேரம் அங்கே அவர் எழுந்து நின்றிருப்பார் என்று தோன்றும்.

டெண்டர் வேலையை இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டேன். கடிதம் அடிக்கிற டைப்ரைட்டர் ரிப்பேர் என்றும் கண் வலிக்கிறது என்றும் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். இரண்டும் பொய். காலியான ரேட் கட்டம் வந்தாலே ஃபார்மை மூடி வைத்துவிடுவேன். ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இத எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவருக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். "அப்ப பாதி தூரம்தான் வந்திருக்கீங்க" என்றார். மீதிப் பாதியை நடக்கப் பதினொரு வருஷம் ஆயிற்று. அதையும் நானாக நடக்கவில்லை, உன் கடிதம் பிடித்துத் தள்ளியது. அந்தப் பெண் உன் எதிரில் உட்கார்ந்து ஆலோசனை கேட்கப் போகிறாள். அவள் வீட்டு வேலை எப்படிப் போனது என்று தெரியாமல் நீ அவளுக்கு வழி சொல்வாய். உன் நேர்மையும் சேர்ந்து என் பொய்க்குக் காவல் இருக்கும்.

புதன்கிழமை காலை அப்பாவிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக அவருக்கும் தெரியாது. கேட்டு முடித்ததும் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். சட்டையைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் வடக்குத்து போனேன். ஏழுமலை டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க மேடம், சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கலைச்செல்வி தரையில் சான்றிதழ்களைப் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். "அருள் ரெண்டு செட் காப்பி கேட்டிருக்காரும்மா" என்று சிரித்தாள். உட்காரச் சொன்னார்கள். சொல்லிவிட்டு உட்காருகிறேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். நீங்கள் என்னை எழுதச் சொன்ன ரேட் எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் இன்னொருவர் என்னிடம் கேட்டார். இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். வீட்டிலிருந்து எத்தனையோ விதமாக யோசித்துக்கொண்டு போன பேச்சு, அங்கே மூன்று வரியில் முடிந்துவிட்டது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். முகத்தில் கோபத்தைக் காணோம். எதையோ கூட்டிப் பார்ப்பவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "அப்ப க்ளவுசால போவலையா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த வருசம் நம்ம மங்கா சாக்கடையில கைய வுட்டப்ப பாட்டில் கிழிச்சிடுச்சி மேடம். ரெண்டு வெரல் மடக்க வராமப் போச்சி. அதனால எல்லாப் பொம்பளைங்களுக்கும் க்ளவுசும் பூட்சும் வாங்கணும்னு ரேட்டுல சேத்துப் போட்டேன். டெண்டர் போச்சா, அதாலதான் போச்சின்னு நெனச்சிகினேன். கொஞ்ச வித்தியாசந்தான்னாங்க. கணக்குப் போட்டுப் பாத்தா க்ளவுசுக்குப் போட்டது அதுக்கு மேல வந்துச்சி. நல்லது செய்யப்போயி எல்லார் வாயிலயும் மண்ணப் போட்டுட்டேன்னு வுட்டுட்டேன். நமக்கு ரேட்டு போடத் தெரியல, இந்த வேலையே வேணாம்னு."

"உங்க ரேட் சரியான ரேட்டுங்க. அவர் முதல்ல சொன்னது உங்களோடத விட ஜாஸ்தி. நான் சும்மா இருந்திருந்தா உங்களுக்குத்தான் வந்திருக்கும்."

"க்ளவுசோட சேத்தே?"

"க்ளவுசோட சேத்தே."

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பின்கட்டிலிருந்து அவர் மனைவி பச்சையம்மாள் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கையில் பாத்திரம் கழுவின ஈரம். அவள் என்னைப் பார்த்துப் பேசினாலும், பேச்சு முழுவதும் அவரைப் பற்றித்தான்.

"இந்த மனுசன நான் என்னென்ன பேசியிருக்கேன், தெரியுமா உங்களுக்கு? எங்கண்ணன் வூட்டுக் கல்யாணத்துல, அத்தன சனத்துக்கு முன்னால, 'க்ளவுஸ் மொதலாளி வராரு, வழி வுடுங்க'ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சிகினு ஒக்காந்திருந்தாரு. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. சோறு போடறப்ப, படுக்கறப்ப, கோவம் வரப்பல்லாம். அந்தப் பேச்சையெல்லாம் இப்ப யாரு திருப்பி எடுக்கறது? நீங்க எடுப்பீங்களா?"

"வுடு பச்ச" என்றார் ஏழுமலை.

"எதுக்கு வுடணும்?" என்றாள்.

இத்தனை வருஷமும் நான் எதை நினைத்துத் தூங்காமல் இருந்தேனோ, அது ஒரு காண்ட்ராக்ட் மட்டும்தான், அருள். வேலை போனது, ஆட்கள் கலைந்தார்கள், என்னால். என் மனத்தில் இருந்த கணக்கு அவ்வளவுதான். நான் சொல்லாமல் விட்ட இடம் அவர் மனத்தில் காலியாக இருந்திருக்கும் என்று எப்படி நம்பினேன் என்று இப்போது தெரியவில்லை. அங்கே அவர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். தான் செய்த நல்ல காரியத்தையே குற்றம் என்று எண்ணிக்கொண்டார். தனக்குத் தெரிந்த தொழிலைத் தெரியாது என்று முடிவு கட்டினார். உன்னிடம் வருகிறவர்கள் நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பது, நேற்று என்ன நடந்தது என்று நீ சொல்வதை வைத்துத்தான். நீ தப்பு செய்வாய். எல்லோரும் செய்வார்கள். மறுநாளே போய்ச் சொல்லிவிடு. உன் மனச் சுமை இறங்கும் என்பதற்காகச் சொல்ல வேண்டாம், அது இறங்காமலும் போகலாம். அந்த ஆள் தன்னைப் பற்றி ஒரு தப்பான முடிவுக்கு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். நான் மறுநாள் போயிருந்தால் அவர் கோபத்தோடு அடுத்த டெண்டரைப் போட்டிருப்பார். க்ளவுசையும் சேர்த்துப் போட்டிருப்பார்.

பாசத்தால் செய்தது என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளும் நாள் வந்தால் கூடுதல் ஜாக்கிரதையாக இரு. எனக்குக் கிடைத்த ரத்தத்துக்கு நான் கொடுக்க நினைத்த நன்றி என் கையில் இருந்துதான் போயிருக்க வேண்டும். நான் அதை இன்னொருவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கலைச்செல்வி சான்றிதழ்களைக் கவரில் போட்டு மூடிவிட்டு, "நான் அருள்கிட்ட போறதா, வேணாமாம்மா?" என்று கேட்டாள். இவ்வளவு கேட்ட பிறகும் அந்த வீட்டில் ஆலோசனைக்கு என்னைத்தான் பார்க்கிறார்கள். "அத எங்கிட்ட கேக்காதம்மா. நான் அவனோட அம்மா. இதுல எனக்கு ஒரு பக்கம் இருக்கு" என்றேன். அவள் தலையாட்டினாள். வருவாளா என்று தெரியாது. வந்தால், நீ யார் யாருக்கு வேலை செய்கிறாய், அதில் அவள் போட்டி போடப் போகிறவர்கள் யாராவது உண்டா என்பதை முதலில் சொல். அவள் கேட்காவிட்டாலும் சொல். என்னைப் பற்றி வருத்தம் தெரிவித்து அவளைச் சங்கடப்படுத்தாதே. வராவிட்டால் போன் செய்து கூப்பிடாதே.

கிளம்பும்போது பச்சையம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "எங்க தெருவுல அப்ப வேல செஞ்சவங்க ஆறு பேரு இருக்காங்க. நான் போயிச் சொன்னா புருசனுக்காவ பேசறேன்னுவாங்க. நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். போனேன். ஒவ்வொரு வாசலிலும் அவளே குரல் கொடுத்து, "இந்தம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஒருத்தி, "இதுக்கா இம்மா தூரம் வந்தீங்க, வேல போயி எத்தினியோ காலமாச்சி" என்று சொல்லி அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். ஒருத்தி என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். நான்காவது வீட்டில் இருந்தவள்தான் கேட்டாள்: "அப்ப மங்காவ நாம சும்மாவா பேசினோம்?"

மங்காவின் கை கிழிந்ததால்தான் க்ளவுஸ், க்ளவுசால்தான் வேலை போனது என்று அந்தத் தெருவே அவளைப் பேசியிருக்கிறது. குழாயடியில் யாரும் அவளுக்கு இடம் விடவில்லையாம். இரண்டு விரல் மடங்காத கையோடு அவள் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்பதே அன்று வரை எனக்குத் தெரியாது. நம் கேட் முன்னால் நின்று பேசிவிட்டுப் போனவர்களில் அவள் எந்த முகம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குப் போகப் போவதில்லை. முதல் பஸ்ஸில் நெல்லிக்குப்பம் போகிறேன், போகும் வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுவேன். விலாசம் கிடையாது. கரும்பு வெட்டு நடக்கிற கொல்லைகளில் போய்க் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்கிறாள் பச்சையம்மாள். அவளும் கூட வருகிறாள். எனக்குத் துணையாக வருகிறாள் என்று நினைத்துவிடாதே. நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்க வருகிறாள். மங்காவுக்கு என்னை ஞாபகம் இருக்குமா என்று அவளிடம் கேட்டேன்.

"உங்கள எதுக்கு அவ ஞாபகம் வச்சிருக்கணும்?" என்றாள். "அவளுக்கு அவ கைதான் ஞாபகம் இருக்கும்."

உன் அம்மா